நாற்பது விநாடி திருடியது யார்?

அத்தியாயம் ஐந்து

மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பஞ்சருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நாற்பத்து நாலு வயது, முன்னால் ஒரு தொப்பை, கையில் நாலடுக்கு சாப்பாட்டுக் கேரியர். தொப்பை அவனுடையது. கேரியர் அவனுடையதல்ல, இன்று காலை தன் மருமகளுக்காகக் கேஸ் கொண்டுவந்த மாமியாருடையது. தனக்கு முட்டி வலி என்று சொல்லி வாசலிலேயே அதை அவன் கையில் திணித்துவிட்டு, அந்த அம்மாள் அவனுக்கு முன்னால் குடுகுடுவென்று ஏறிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் கடை வைத்து நொடித்துப் போனதால் அவனுக்குப் பஞ்சர் என்று பெயர். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சில் ஊசி குத்துவதால் அந்தப் பெயர் நிலைத்தது. இப்போது அவன் டீச்சருடைய துப்பறியும் ஆபீஸில் உதவியாளன். டீச்சர் முப்பத்தோரு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். பரீட்சையில் பிட் அடித்த ஒருவனையும் தப்பவிட்டதில்லை. ஓய்வு பெற்றதும் பிடிப்பதற்கு ஆள் இல்லாமல் கை நமநமத்து, போர்டு மாட்டி உட்கார்ந்துவிட்டார். அந்த முப்பத்தோரு வருடத்தில் அவரிடம் மூன்று முறை பெயிலான ஒரே ஆள் பஞ்சர்தான். அந்தத் தகுதியை வைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தான்.

காலையில் மாமியார் வந்து சொன்ன விஷயம் இது. அவருடைய கணவர் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் போன பிறகு, கடிகாரப் பயிற்சிப் பள்ளிச் சான்றிதழ் உள்ளவர்தான் கடையைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மகன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன், எனவே மருமகள் அந்தப் பள்ளியில் சேர்ந்தாள். ஐந்து பரீட்சை, ஐந்தும் பெயில். ஆறாவதுதான் கடைசி வாய்ப்பு, அது இன்று சாயங்காலம் நாலு மணிக்கு. இந்த நேரம் பார்த்து நேற்று மத்தியானம் பள்ளியின் நிறுவனர் கடிகாரம் காணாமல் போய்விட்டது. மருமகள்தான் எடுத்தாள் என்கிறார் பிரின்சிபால். நாலு மணிக்குள் கடிகாரம் வராவிட்டால் அவள் பெயரை அடித்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுவாராம்.

"என் மருமக திருடியிருக்க மாட்டா" என்றார் மாமியார். "கரப்பான்பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறுற ஜென்மம். திருடுறதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்."

இது நற்சான்றிதழா புகாரா என்று பஞ்சர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் செருப்பை மாட்டிவிட்டார். தானும் கூட வருவேன் என்று மாமியார் ஒரே பிடியாகப் பிடித்தார். சாப்பாடும் எடுத்து வந்திருப்பதாகச் சொன்னார். சாப்பாடு என்றதும் பஞ்சர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் எல்லோருடைய செல்போனையும் கைக்கடிகாரத்தையும் வாங்கி ஒரு வாளியில் போட்டான். வெளி நேரத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். முன்னால் நின்ற தபால்காரரின் பையைக் கொட்டித் தேடினான், ஒரு கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தான். துப்பறிய வந்தவர்களைச் சோதிக்கக் கூடாது என்று பிரின்சிபால் உத்தரவு என்று சொல்லி, இவர்களுக்கு மட்டும் சலாம் வைத்து அனுப்பினான்.

மாடியில் ஒரே நீளக் கூடம். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், எல்லாம் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தன. ஜன்னலோரமாக ஒன்பது மேஜைகள், ஒவ்வொன்றின் உயரமும் நெஞ்சு மட்டம். எட்டில் மாணவர்கள் குனிந்திருந்தார்கள். மாணவர்கள் என்றால் மீசை நரைத்த மாணவர்கள். ஒருவர் தலை முழுக்க வழுக்கை. ஐந்து வருடமாக ஒருவரும் பாஸாகாததால் ஒருவரும் வெளியே போகவில்லை, ஒருவரும் புதிதாக உள்ளே வரவும் இல்லை. இதைப் பிரின்சிபால் தரம் என்று சொன்னார்.

பிரின்சிபால் ஒட்ட வெட்டிய முடியும் கறுப்புக் கோட்டுமாக இருந்தார். கூடத்தின் கோடியில் உயரமான மேடை, அதன் மேல் அவர் மேஜை, மேஜை மேல் மணி வடிவத்தில் ஒரு கண்ணாடி மூடி. அதற்குள் வெல்வெட் மெத்தையில் வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. நிறுவனரின் கடிகாரம் படுத்திருந்த இடம் அது. தினமும் காலையில் பிரின்சிபால் அதற்குச் சாவி கொடுத்து, அதைப் பார்த்துத்தான் சுவர்க் கடிகாரங்கள் அத்தனையையும் திருத்துவார். பரீட்சையும் அதை வைத்துத்தான். ஒவ்வொருவரும் தான் செய்த வாட்சை அதன் பக்கத்தில் வைத்து ஒரு நாள் ஓடவிட வேண்டும். பத்து விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெயில். நிறுவனர் கண்ணை மூடிய பிறகு அதன் பின்மூடியை யாரும் திறக்கக் கூடாது என்பது விதி.

பஞ்சரின் கண் கரும்பலகைக்குப் போனது. "செவ்வாய்க்கிழமை" என்று அழகாக எழுதியிருந்தது.

"சார், இன்னிக்குப் புதன்" என்றான்.

"வெளியே" என்றார் பிரின்சிபால். "வெளியே இருக்கறவங்க ஒரு நாள் முந்திப் போயிட்டாங்க. அவசரக்காரங்க. நாங்க அவங்க பின்னாடி ஓடறதில்ல."

பஞ்சர் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடப்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் அப்படிக் கட்டினால் யாரோ மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். பழைய பழக்கத்தில் பஞ்சர் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

திருட்டு எப்படி நடந்தது என்று பிரின்சிபால் ஆரம்பித்தார். பாதி சொல்லியிருப்பார், மூன்றாவது மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது. "விழுந்துடுச்சு."

கூடம் உறைந்துவிட்டது. பேனாவை எடுக்க நீண்ட கை நீண்டபடியே நின்றது. பிரின்சிபால் திறந்த வாயை மூடவில்லை. படியேறி வந்த களைப்பில் ஒரு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பஞ்சர் ஒற்றைக் காலில் நின்றான். பிறகு மற்ற ஏழு மாணவர்களும் பிரின்சிபாலும் இருந்த இடத்திலேயே மெதுவாக மண்டியிட்டு, கண்ணில் லென்ஸைச் செருகி, மூக்கு தரையில் முட்டும்படி குனிந்தார்கள். விழுந்த திருகாணி எள்ளில் கால்வாசி இருக்கும். மிதித்தால் போயிற்று. அதனால் தவறவிட்டவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம், மற்றவர்கள் பாதத்தை அசைக்கக் கூடாது, கிடைக்கும்வரை நிமிரக் கூடாது. இங்கே இதுதான் பழக்கம்.

தவறவிட்டவர் ஒரு முன்னாள் பல் டாக்டர். பல் சின்னதாகத் தெரிய ஆரம்பித்ததால் கடிகாரத்துக்கு மாறியவர். அவர் கண்ணில் லென்ஸும் காலில் சாக்ஸுமாக நடந்து நடந்து தேடினார்.

டீச்சரும் செருப்பைக் கழற்றினார். நேராக நடந்து போய் மேடையேறினார். கண்ணாடி மூடியைத் தூக்கினார். வெல்வெட் பள்ளத்தில் ஒரு சாக்பீஸை வைத்தார், மூடினார், திரும்பி வந்தார். வரும் வழியில் பிரின்சிபாலின் கோட்டுப் பையிலிருந்து பேனாவை உருவி, காதில் செருகிக்கொண்டார். ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணில் லென்ஸ் இருந்தால் மூன்று அங்குலத்துக்கு மேல் உலகமே கிடையாது.

நாலு நிமிடத்தில் திருகாணி கிடைத்தது. எல்லோரும் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்கள். பிரின்சிபால் விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். நேற்றும் இதே மாதிரி மருமகள் "விழுந்துடுச்சு" என்றாளாம், பதினோரு நிமிடம் தேடினார்களாம், எழுந்து பார்த்தால் கடிகாரம் இல்லையாம். நடக்க உரிமை இருந்தது அவளுக்கு மட்டும். ஆனால் கதவைப் பூட்டி அவளையும் கூடத்தையும் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. சொல்லி முடித்து மேடைப் பக்கம் திரும்பியவர், வெல்வெட் மெத்தையில் சாக்பீஸைக் கண்டு தடுமாறிவிட்டார்.

"ஒன்பது சாட்சி இருந்தும் ஒரு சாட்சியும் இல்ல" என்று டீச்சர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "நேத்து விழுந்த அந்தத் திருகாணி எங்கே?"

அது மட்டும் இன்னும் கிடைக்கவில்லை என்றார் பிரின்சிபால். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கடிகாரம் போனதைவிடப் பெரிய வருத்தம் இருந்தது. "விழுந்தவை" என்று மேலட்டையில் எழுதிய தடித்த நோட்டைக் காட்டினார். எந்த நாள், எந்தப் பொருள், எங்கே கிடைத்தது என்று எல்லாம் இருந்தது. சற்றுமுன் விழுந்ததை இன்னும் எழுதவில்லை, கடைசி எண் மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு. கிடைக்காதது அந்தக் கடைசி ஒன்று மட்டும்.

டீச்சர் பஞ்சரை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"மூவாயிரத்து எண்ணூத்துப் பதினஞ்சு விழுந்து, அத்தனையும் கிடைச்சிருக்கு. இதுங்க கண்ணுக்குத் தப்பி ஒரு தூசி கூடப் போகாது. அப்போ அந்த ஒண்ணு ஏன் கிடைக்கல?"

"விழவே இல்லையா?"

"இதே மாதிரி எட்டாங்கிளாஸ்ல ஒரு தடவை பதில் சொல்லியிருந்தா உன்னைப் பாஸ் போட்டிருப்பேன்."

"அப்ப டீச்சர், திருடினது நம்ம கேஸோட மருமகளேதான்" என்று பஞ்சர் குரலைத் தாழ்த்தினான். "காப்பாத்த வந்த ஆளையே கையும் களவுமாப் பிடிச்சுட்டோம். இதுக்கு நாம வராமலே இருந்திருக்கலாம்."

பத்தடி தள்ளி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சருக்கு அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை. கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

மருமகளை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கறுப்போடு இருந்தாள். ராத்திரி தூங்காத முகம். அவள் விரல்கள் மட்டும் மடியில் ஏதோ நுணுக்கமான வேலையைச் செய்வதுபோல் அசைந்துகொண்டே இருந்தன.

"ஸ்க்ரூ விழலை" என்றார் டீச்சர். கேள்வியாகக் கேட்கவில்லை.

அவள் மறுக்கவில்லை. பஞ்சரைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டதற்கு, நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்டதற்கும் அதேதான். டீச்சர் எழுந்து கதவு வரை போன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அஞ்சு வருஷம் நான் பெயில். அஞ்சு வருஷமும் நாப்பது விநாடி வேகம். கையை வெட்டிக்கலாமான்னு இருந்துச்சு எனக்கு. அப்புறம் போன வாரம்தான் மத்தவங்க மார்க்கையும் சேர்த்துப் பார்த்தேன்."

முடிவுகள் கூடத்துக்கு வெளியே ஒரு கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டப்பட்டிருந்தன. ஐந்து வருடம், வருடத்துக்கு ஒன்பது பேர். பஞ்சர் விரலை வைத்துப் படித்தான். நாற்பது வேகம். நாற்பத்தொன்று வேகம். முப்பத்தொன்பது வேகம். நாற்பது. நாற்பது. நாற்பத்தைந்து முடிவும் அதே குழியில் விழுந்திருந்தன. ஒவ்வொரு வருடப் பட்டியலுக்குக் கீழேயும் இந்த வகுப்பு பொறுமையில்லாத வகுப்பு என்று பிரின்சிபால் கைப்பட எழுதியிருந்தார்.

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. பிட் காகிதத்தைக் கண்ட முகம் அது.

"ஒன்பது பேப்பர்ல ஒரே தப்பு இருந்தா என்னடா அர்த்தம்?"

"காப்பி அடிச்சிருக்காங்க. இதுல எனக்கு அனுபவம் உண்டு."

"ஒருத்தர் மேஜையை ஒருத்தர் எட்டிப் பார்க்க முடியாம லென்ஸைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கற இடத்துல?"

பஞ்சர் தலையைச் சொறிந்தான். காப்பி அடிக்க முடியாத ஹாலில் எல்லோரும் ஒரே விடை எழுதினால் அது சரியான விடையாகத்தான் இருக்க வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். அப்படியென்றால் தப்பாக இருப்பது வாத்தியார் கையில் இருக்கும் விடைத்தாள். ஒன்பது வாட்சும் நாற்பது விநாடி வேகமாக ஓடவில்லை. நிறுவனரின் கடிகாரம் ஒரு நாளைக்கு நாற்பது விநாடி பின்தங்குகிறது.

"அதைப் பார்த்துத் தினமும் எல்லாக் கடிகாரத்தையும் திருத்தினா..." என்று பஞ்சர் இழுத்தான்.

டீச்சர் அதற்குள் மாமியாரிடம் போய்விட்டார். மருமகள் தினமும் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவாள் என்று கேட்டார். இதில் என்ன துப்பு இருக்கிறது என்ற முகத்தோடு மாமியார் கொட்டித் தீர்த்தார். முதலில் எல்லாம் காலை ஒன்பதுக்குத்தான் வகுப்பாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து, பதினொன்று, மத்தியானம் என்று தள்ளிப் போனதாம். மூன்று வருடத்துக்கு முன்னால் ராத்திரி ஒன்பது மணிக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாளாம், பொழுது விடிய வருவாளாம். போன வருடம் விடியற்காலை ஐந்து. இப்போதுதான் மறுபடியும் ஒன்பதுக்கு வந்து நின்றிருக்கிறதாம்.

"ஏன்னு நீங்க கேக்கலையா?" என்றான் பஞ்சர்.

"கேட்டேன். ஸ்கூல் மணி அப்படித்தான் அத்தைன்னா."

டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் "செவ்வாய்க்கிழமை"க்குக் கீழே எழுதினார். ஒரு நாளைக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு விநாடி. அதை நாற்பதால் வகுத்தால் இரண்டாயிரத்து நூற்று அறுபது. கோடு போட்டு, விடைக்குக் கீழே இன்னொரு கோடும் போட்டார். எட்டு மாணவர்களும் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். இரண்டாயிரத்து நூற்று அறுபது நாளில் பள்ளிக்கூடம் ஒரு முழு நாளைத் தவறவிட்டுவிட்டு, முள் மட்டும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

"பிரின்சிபால் சார், நீங்க பதவிக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

பிரின்சிபால் அதைச் சொல்ல விரும்பவில்லை. பல் டாக்டர் எழுந்து, பதவியேற்புப் படத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஐந்து வருடம் பதினோரு மாதம். நாளாக மாற்றினால் கரும்பலகையில் இருந்த விடையும் அதேதான். சுவரில் மூன்றே முக்கால் மணி ஆகியிருந்தது.

"இதெல்லாம் வெறும் கணக்கு" என்றார் பிரின்சிபால். "கடிகாரம் இல்லாம எதையும் நிரூபிக்க முடியாது. கடிகாரம் எங்கே?"

அவர் சொன்னது நியாயம்தான் என்று பஞ்சருக்கே பட்டது. இத்தனை வகுத்தலும் கடிகாரத்தைக் கொண்டுவந்து தரவில்லை. இன்னும் கால் மணியில் அந்தப் பெண்ணின் பெயரை அடிப்பார்கள், அந்தக் கடை திறக்கவே திறக்காது. ரிப்பேருக்குக் கொடுத்த வாட்சுகளைக் கேட்டு இன்னமும் ஆட்கள் வந்து ஷட்டரைத் தட்டுகிறார்களாம். அதில் நாலு பேர் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்.

டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். "பஞ்சர், உனக்குப் பசிக்கலையா?"

"இந்த நேரத்துல என்ன கேள்வி டீச்சர்? காலைலேருந்து பசிக்குது."

"மணி நாலாகப் போகுது. சாப்பாடு கொண்டுவந்தவங்க ஒரு தடவையாவது உன்னைச் சாப்பிடச் சொன்னாங்களா? கேரியரைத் திற."

மாமியார் முக்காலியிலிருந்து எழுந்தார். முட்டி வலி இருந்ததாகவே தெரியவில்லை. "அது கெட்டுப்போயிருக்கும்" என்றார். அதற்குள் பஞ்சர் முதல் அடுக்கை எடுத்துவிட்டான். காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதில் நாலாக மடித்த ஒரு துண்டு. அதைப் பிரித்ததும் அவன் கையில் வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒன்று கனத்தது, உள்ளே டிக் டிக் என்றது. சுற்றிலும் இத்தனை கடிகாரங்கள் அடிக்கும் கூடத்தில் அந்தச் சத்தத்தை யார் கேட்டார்கள்? திருட்டுப் பொருளோடு தான்தான் மூன்று மாடி ஏறி வந்தோம் என்பது மெதுவாக அவன் மண்டையில் ஏறியது. உட்கார இடம் தேடினான்.

மருமகளைக் கூட்டி வந்தார்கள். இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் மாமியாரே சொன்னார். நேற்று மத்தியானம் தேடுகிற சமயத்தில் கடிகாரம் கூடத்துக்கு வெளியே படியில் வைத்திருந்த காலிக் கேரியருக்குள் போனது, அங்கே யாரும் தேடவில்லை, வாசலில் அதை வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். இரவெல்லாம் பூட்டிய கடைக்குள் மருமகள் அதைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டத்தைத் திருத்தினாள், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். விடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்தார்கள். வாசலில் சோதனை போட்டுவிட்டதால் முடியவில்லை. சோதனை போடாமல் யாரை உள்ளே விடுவார்கள் என்று யோசித்துத்தான் டீச்சரிடம் வந்தாராம்.

"அப்ப எங்களைக் கூட்டிட்டு வந்தது துப்பறியறதுக்கு இல்ல" என்றான் பஞ்சர்.

"கேரியர் தூக்க" என்றார் மாமியார், கொஞ்சமும் தயங்காமல்.

பிரின்சிபாலுக்கு உயிர் வந்துவிட்டது. திருட்டு நிரூபணமாகிவிட்டது என்றார். விதியை மீறிப் பின்மூடியைத் திறந்ததும் நிரூபணமாகிவிட்டது. பெயர்ப் பதிவேட்டை எடுத்து விரித்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார். மருமகள் தலை குனிந்து நின்றாள்.

"அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்க" என்றார் டீச்சர். "வேலை செஞ்சவங்க உள்ளே குறி போடுவாங்களாமே."

அது இந்தத் தொழிலில் எங்கும் உள்ள பழக்கம். ஒரு கடிகாரத்தைத் திறந்து வேலை பார்த்தவர், மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் தன் குறியையும் தேதியையும் கீறிவிட்டுத்தான் மூடுவார். பிற்பாடு திறப்பவருக்கு அது வேண்டும். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

பிரின்சிபால் மூடியைத் திறக்கவில்லை. அவர் கை கடிகாரத்தின் மேல் அப்படியே இருந்தது. கடைசியில் பல் டாக்டர்தான் அதை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி, திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிப் படித்தார்.

"இது நிறுவனர் குறி. நாலு இடத்துல இருக்கு. இது இவங்களோடது, நேத்துத் தேதி." நிறுத்தினார். லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "நடுவுல இன்னொண்ணு இருக்கு. அஞ்சு வருஷம் பதினோரு மாசத்துக்கு முன்னாடி. சார், இது உங்க குறி."

கூடத்தில் யாரும் "விழுந்துடுச்சு" என்று சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்தார். பதவிக்கு வந்த முதல் நாள், யாரும் இல்லாத நேரத்தில், உள்ளே ஒரு தூசி இருப்பதாகத் தோன்றித் திறந்தாராம். தூசியை எடுத்தாராம். எடுக்கும்போது, ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் ஹேர் ஸ்பிரிங்கில் கை பட்டுவிட்டதாம். ஒரு வாரத்திலேயே அது பின்தங்குவது அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுபடியும் திறந்து சரிசெய்தால் முதல் தடவை திறந்ததும் வெளியே வந்துவிடும் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் தப்பான நேரத்துக்குச் சாவி கொடுத்து, சரியான கடிகாரங்களையெல்லாம் தப்பாகத் திருத்தி வந்திருக்கிறார். பஞ்சருக்குக்கூட ஊசி குத்த மனம் வரவில்லை.

"யாருக்கும் தெரியாமத் திறந்தவர் குறியை ஏன் சார் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"வேலை செஞ்சுட்டுப் போடாம எப்படி மூடறது?" என்றார் பிரின்சிபால். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. மருமகளும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் அந்தப் பதில் அவர்கள் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

பல் டாக்டர் நிறுவனரின் கடிகாரத்தைத் துடிப்புப் பார்க்கும் மெஷினில் வைத்தார். இத்தனை வருடம் அதை மெஷினில் வைப்பதே மரியாதைக் குறைவு என்று இருந்தது. காகிதத்தில் கோடு ரூல் வைத்துப் போட்டதுபோல் நேராக வந்தது, ஓட்டத்தில் பிசகே இல்லை. மருமகள் ஒரு இரவில் செய்த வேலை அது. எட்டு பேரும் அந்தக் காகிதத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் அழுதுவிட்டார்.

பிரின்சிபால் எழுந்து கோட்டைக் கழற்றினார். பத்து விநாடிக்கு மேல் தவறவிட்டவர் பெயில் என்பது விதி, எனவே தானும் பெயில் என்று அறிவித்தார். பெயிலானவர் பதவியில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

டீச்சர் குறுக்கே போய் நின்றார். "நாப்பது பின்தங்கினதோட ஒப்பிட்டு நாப்பது வேகம்னா, வித்தியாசம் பூஜ்யம். போன வருஷப் பரீட்சையில ஒன்பது பேரும் பாஸ். சான்றிதழ்ல கையெழுத்துப் போட இங்கே வேற யார் இருக்கா? முதல்ல கையெழுத்தைப் போடுங்க. அப்புறமா பெயிலாகுங்க."

அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பிரின்சிபாலுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து வருடமாக அலமாரியில் தூசி படிந்து கிடந்த சான்றிதழ்க் கட்டு வந்தது. ஒன்பதில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் தேதி எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு புதன்கிழமைத் தேதியையே எழுதியது. கடைசியாக இருந்ததை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் மருமகளிடம் கொடுத்தார்.

"நான் தொடப் பயந்ததை நீங்க தொட்டீங்க" என்றார்.

மாடிப்படியில் இறங்கும்போது கேரியரை மாமியாரே தூக்கிக்கொண்டார். இன்னொரு கையில் சான்றிதழ். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, மருமகளின் பெயரை எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தார். படித்துவிட்டும் நகரவில்லை.

"ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பொண்ணு டப்பாவோட கிளம்பினா தெரு சும்மா இருக்குமா?" என்றார், யாரையும் பார்க்காமல். "வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு நானே முந்திக்கிட்டு, அவ மக்கு, மண்டைல ஒண்ணும் ஏறாது, ராத்திரி பகலா உக்காந்து படிச்சாலும் பெயில்தான்னு வீடு வீடாச் சொல்லி வச்சேன். அந்தப் பேச்சுக்கு இந்தப் பேச்சு தேவலையேன்னு. இப்ப ஒவ்வொரு வீடாப் போய் மாத்திச் சொல்லணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை."

மருமகள் இரண்டு படி கீழே போயிருந்தாள். மக்கு என்ற பேச்சு அவளுக்கு இத்தனை வருடமும் தெரிந்தே இருந்தது என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஏன் அப்படிச் சொன்னார் என்பது இப்போதுதான் தெரியும். திரும்பினாள்.

"எங்கிட்டேருந்து ஆரம்பிங்க, அத்தை."

பஞ்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டீச்சர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். மேலே மாமியார் கேரியரைச் சுவரோரமாக வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் கையால் தட்டி மருமகளுக்கு இடம் காட்டினார்.

"உக்காரு" என்றார். "சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாகும்."